சென்னியப்பனுக்கு, காது ஊசி பற்றி

அன்புள்ள சென்னியப்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவளுக்குப் பல்லடத்தில் இடம் அமைந்ததில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்துவிடுவோம்.

நீ கேட்ட காது விஷயத்துக்கு வருகிறேன். என் தங்கைக்குப் பலன் தந்ததுபோல, ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவை ஊசியாகப் போட்டால் மந்தமான உன் காது மறுபடி கேட்குமா என்று கேட்டிருந்தாய். என் தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே சீழ் வடிந்து காது ஜவ்வில் ஓட்டை விழுந்திருந்தது. காதுக்கு மேலே தசையை மூடியிருக்கும் மெல்லிய சவ்வில் கொஞ்சம் எடுத்து அந்த ஓட்டையை அடைத்தார்கள். ஒட்டின் மேல் அவளுடைய ரத்தத்திலிருந்தே பிரித்த பிளாஸ்மாவை வைத்தார்கள். ரத்தத்தை இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் தங்கிவிடும். தட்டணுக்கள் செறிந்த மஞ்சள் திரவத்தை மேலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். உன் மகனுக்கு டெங்கு வந்தபோது தினமும் எண்ணிக்கை பார்த்துப் பதறினோமே, அதே தட்டணுக்கள்தான். ரத்தத்தை உறையவைப்பதோடு, காயத்தில் வளர்ச்சிக் காரணிகளை வெளியிட்டுப் புதுத் திசுவையும் நுண்ணிய ரத்தக் குழாய்களையும் வளரத் தூண்டுகின்றன. தங்கைக்கு ஒட்டு நன்றாகப் பிடித்தது. பிளாஸ்மா இல்லாமலும் பிடித்திருக்கலாம். பெரும்பாலும் வெற்றி பெறும் அறுவைதான் இது.

கொரோனாவில் வாசனை போனவர்களுக்கு மூக்கினுள் இதே பிளாஸ்மாவை ஊசியாகப் போட்டு அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் சோதித்தார்கள். 2022-இல் வந்த முடிவு நம்பிக்கை தருகிறது, ஆனால் சோதனை சிறியது.

உன் காதின் கதை வேறு, மாப்பிள்ளை. இருபது வயதிலிருந்து சோமனூர் தறிக்குடோனில் நிற்கிறாய். உன் ஜவ்வு கிழியவில்லை என்று டாக்டரே எழுதியிருக்கிறார். சத்தம் கெடுத்தது உள்காதை. அங்கே காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச் செல்கள், அதாவது ஒலியை உணரும் செல்கள், இருக்கின்றன. அவை செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. கிழிந்த இடத்தை ஆற்றத் துணைசெய்யும் பிளாஸ்மா, செத்த செல்லை எழுப்பும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உனக்கு ஊசிக்கு நாள் குறித்தவர்கள் இதைச் சொல்லாமல் விட்டது எனக்குக் கோபமாக இருக்கிறது. கல்யாணச் செலவு நெருங்கும் நேரத்தில் அந்தப் பணத்தைக் கொடுத்துவிடாதே.

காதுக் கருவி உனக்கு உதவும், கூச்சப்படாமல் வைத்துக்கொள். தறியோட்டும் சின்னவனுக்குக் காதடைப்பான் இன்றே வாங்கிக் கொடு. எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபலுக்கு மேல் போனாலே ஆபத்து என்கிறார்கள். குடோனில் அதைவிட அதிகம். அடுத்த வாரம் அவனையும் அழைத்துக்கொண்டு கோவைக்கு வா, இருவருக்கும் கேட்டல் சோதனை எடுத்துவிடலாம். தங்கச்சியையும் கூட்டி வா, மதியச் சாப்பாடு நம் வீட்டில்தான்.

அன்புடன்,
முத்துசாமி