கோப்பு எங்கே நிற்கிறது என்று கேளுங்கள்: குடியரசுத் தலைவருக்கு வேலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

மேதகு குடியரசுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர் தொரப்பாடியிலிருந்து எழுதுகிறேன். மத்திய சிறை இருக்கும் பகுதி இது. டெல்லியில் தேங்கிய ஒரு கோப்பு எங்கள் ஊரை எப்படி ஆட்டிவைத்தது என்பதை 2011 ஆகஸ்டில் நாங்கள் பார்த்தோம்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்று எங்கள் ஊர்ச் சிறையில் இருந்த மூவரின் கருணை மனு 2000-ஆம் ஆண்டு உங்கள் மாளிகைக்குப் போனது. நிராகரிக்கப்பட்டது 2011 ஆகஸ்டில். இடையில் மூன்று குடியரசுத் தலைவர்கள். பல ஆண்டுகள் அந்தக் கோப்பு உள்துறை அமைச்சகத்திலேயே கிடந்தது. பிறகு செப்டம்பர் 9 என்று தூக்குக்கு நாள் குறித்தார்கள். ஆகஸ்ட் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2014 பிப்ரவரி 18 அன்று, அந்த 11 ஆண்டுத் தாமதத்தையே காரணமாகக் காட்டி உச்ச நீதிமன்றம் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. வழக்கின் நியாய அநியாயத்துக்குள் இந்த மடலில் நான் போகவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்களும் அதே 11 ஆண்டுகள் முடிவு தெரியாமல்தான் இருந்தன. ‘முடியாது’ என்று சொல்வதற்கு எதற்காக 11 ஆண்டுகள்?

அதோடும் முடியவில்லை. 2018 செப்டம்பரில் தமிழக அமைச்சரவை, இந்த மூவர் உட்பட அதே வழக்கில் ஆயுள் தண்டனையில் இருந்த எழுவரையும் விடுவிக்கப் பரிந்துரைத்தது. ஆளுநர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்து, 2021-இல் உங்கள் மாளிகைக்குத் தள்ளிவிட்டார். அமைச்சரவை முடிவுக்கு ஆளுநர் கட்டுப்பட்டவர் என்று சொல்லி, மூவரில் ஒருவரான, பழைய வடஆர்க்காட்டு ஜோலார்பேட்டைக்காரர் பேரறிவாளனை 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றமே விடுவிக்க வேண்டியதாயிற்று.

உங்கள் அதிகாரத்தின் எல்லை எனக்குத் தெரியும். அரசியலமைப்புச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நீங்கள் நடக்க வேண்டும். மறுபரிசீலனை செய்யச் சொல்லி ஒரு முறை திருப்பி அனுப்பலாம், மீண்டும் வந்தால் ஏற்றாக வேண்டும். அந்த எல்லையை நான் மதிக்கிறேன். தேர்ந்தெடுத்த அரசை மீறி நடங்கள் என்று ஒருபோதும் கேட்க மாட்டேன். உங்களுக்கு முன் இந்தப் பதவியில் இருந்தவர்களைப் பாருங்கள்: எல்லைக்குள் நின்றே கே.ஆர். நாராயணன் 1997-இல் உத்தரப் பிரதேச ஆட்சிக் கலைப்புப் பரிந்துரையைத் திருப்பி அனுப்பினார். கலாம் 2006-இல் ஆதாயப் பதவி மசோதாவைத் திருப்பி அனுப்பினார். ஜெயில் சிங் அஞ்சல் மசோதாவை முடிவே சொல்லாமல் கிடப்பில் போட்டதைப் பலர் பாராட்டுவார்கள். கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு வழிவிட்ட கெட்ட மசோதாதான் அது. ஆனாலும் காரணம் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. மௌனத்துக்கு யாரும் பதில் சொல்ல முடியாது.

எனக்கு ஆறவே ஆறாதது, ஆளுநர் உங்கள் முடிவுக்கு அனுப்பும் மாநில மசோதாக்களைப் பற்றிய 201-ஆவது பிரிவு. நீங்கள் திருப்பி அனுப்பும் மசோதாவை மாநிலச் சட்டமன்றம் ஆறு மாதத்துக்குள் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அதில் கெடு இருக்கிறது. முடிவெடுக்க உங்களுக்குக் கெடு இல்லை. எங்கள் சட்டமன்றம் 2022 பிப்ரவரியில் இரண்டாம் முறை நிறைவேற்றிய நீட் விலக்கு மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டது என்பதை 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் சொன்னார். அதற்குள் எத்தனை பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துப் போய்விட்டார்கள்!

அதே ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உங்களுக்கு மூன்று மாதக் கெடு விதித்தது. நீங்கள் 14 கேள்விகள் எழுப்பி விளக்கம் கேட்டீர்கள். அப்படிக் கெடு விதிக்க முடியாது என்று நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு கருத்துச் சொன்னது. அப்படியானால் அந்தக் கெடுவை நீங்களே வைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லையே?

எங்கள் ஊரிசு கல்லூரியில் படித்த ராதாகிருஷ்ணன் 1962 முதல் 1967 வரை உங்கள் பதவியில் இருந்தார். அமைச்சரவையின் ஆலோசனைக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற வெளிப்படையான வாசகம் அப்போது 74-இல் கிடையாது, 1976-இல்தான் சேர்த்தார்கள். அதுவரை அந்தப் பதவியைக் கட்டி வைத்திருந்தது மரபு. காலக்கெடுவையும் அப்படி ஒரு மரபாக நீங்கள் தொடங்கிவைக்கலாம்.

78-ஆவது பிரிவு உங்களுக்கு ஒரு உரிமையைத் தருகிறது: நீங்கள் கேட்கும் தகவலைப் பிரதமர் தந்தாக வேண்டும். அதைப் பயன்படுத்துங்கள். மூன்று மாதம் தாண்டிய ஒவ்வொரு கருணை மனுவும் ஒவ்வொரு மாநில மசோதாவும் யார் மேசையில், ஏன் நிற்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். வந்த தேதி, அமைச்சகத்துக்குப் போன தேதி, முடிவான தேதி மூன்றையும் மக்கள் பார்க்கும்படி வெளியிடச் சொல்லுங்கள். ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் மறுத்தால், அதை நிறைவேற்றிய சட்டமன்றத்துக்குக் காரணத்தை எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தொரப்பாடிவாசி ஒருவர்,
வேலூர்.