பருப்பு போட்ட பிரியாணிக்கும் நன்றி

எங்கள் கோயில் கல்வி நிதிக்குக் கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

என் மகள் ஆப்டோமெட்ரி (கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுக்கும் படிப்பு) பட்டம் வாங்கிவிட்டாள். பட்டமளிப்பு விழாவுக்கு எங்களுக்குக் கிடைத்தது இரண்டே டிக்கெட். நீங்கள் எல்லாம் கோயில் மண்டபத்தில் டிவியில் யூடியூபைப் போட்டுப் பார்த்தீர்களாம். மேடையில் அவள் பெயரைத் தப்பாக வாசித்ததும் மண்டபமே சேர்ந்து சரியான பெயரைக் கத்தியதாம். பிறகுதான் கேள்விப்பட்டேன். அங்கே உங்களோடு உட்கார்ந்து பார்த்திருக்கலாமோ என்று கொஞ்சம் தோன்றியது.

உங்களில் பலருக்குத் தமிழ் காதில் விழுந்தால் புரியும், எழுத்தைப் படிக்க வராது. தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்து இருபத்துநாலு வருஷம் ஆகிறது. புடவைக் கடையில் நாள் முழுக்க இங்கிலீஷில் பேசுகிறேன், ஆனால் மனசில் இருப்பதைச் சொல்ல அது எனக்கு இன்னும் வருவதில்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள். அவர்களுக்கும் பயிற்சி ஆயிற்று.

மகளின் 2020 மெட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு) முடிவுகள் கோவிடால் தள்ளிப்போய் 2021 பிப்ரவரி கடைசியில்தான் வந்தன. நல்ல மார்க், இடமும் கிடைத்தது. அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். உதவி கிடைக்க வீட்டு வருமானம் வருஷத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் இருக்க வேண்டும். என் சம்பளமும் அவர் சம்பளமும் சேர்ந்து அதற்கு மேல் இருபதாயிரம் சொச்சம். வரம்பு என்று ஒன்று போட்டால் எங்கேயாவது கோடு கிழிக்கத்தான் வேண்டும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டுக் கடன், மாமியாரின் மருந்து, கார் தவணை எல்லாம் போய் எங்கள் கையில் நின்றது என்ன என்று அந்தக் கோட்டுக்குத் தெரியாது. உதவி கேட்க வசதி அதிகம், கட்டணம் கட்ட வசதி பத்தாது. இந்த ஊரில் எங்களைப் போன்றவர்களுக்கு 'நடுவில் விடுபட்டவர்கள்' என்று பெயரே இருக்கிறது. வங்கிக்குப் போனோம். அங்கே இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான், ஆனால் இல்லை என்றான்.

பதிவு முடிய நாலு நாள் இருந்தது. முதலில் கட்ட வேண்டிய பணத்தைக் கட்டினால்தான் பெயரே ஏறும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கல்வி நிதிக் கமிட்டியின் பொருளாளர் அண்ணன் வீட்டுக்கு வந்து, சமையலறை மேஜையில் உட்கார்ந்து, சம்பளச் சீட்டு, மின்சார பில் எல்லாம் பார்த்தார். டீயைக் குடித்துவிட்டு, "சரி, பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். எனக்கு நம்பிக்கை போய்விட்டது. வியாழக்கிழமை காலையில் வாட்ஸ்அப்பில் பணம் கட்டிய ரசீது வந்தது. கடையில் ஒரு அம்மாவுக்குப் புடவை மடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். மடித்ததையே திரும்ப மடித்தேன்.

அந்த வியாழக்கிழமை வந்த பணம் அடுத்த திங்கட்கிழமை வந்திருந்தால் ஒரு வருஷம் போயிருக்கும். அதனால் பெரிய தொகை கொடுத்தவர்களைவிட, மாதம் நூறு ராண்டு வங்கியிலிருந்து தானாகப் போகும்படி எழுதிக் கொடுத்தவர்களுக்கு என் முதல் நன்றி. உங்கள் நூறு நூறாகச் சேர்ந்த பணம் தயாராக இருந்ததால்தான் அண்ணன் யாரிடமும் போய் நிற்காமல் இரண்டே நாளில் கட்ட முடிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் வேறொரு அமைப்பு உதவ முன்வந்தது. விழா மேடையில் அட்டையில் செய்த பெரிய காசோலையைப் பிடித்துக்கொண்டு அவள் போட்டோவுக்கு நிற்க வேண்டும் என்றார்கள். மாட்டேன் என்றாள். திமிர் என்று திட்டினேன். இப்போது யோசித்தால் அவள் பக்கம்தான் நியாயம். நீங்கள் யாரும் அவளை மேடையில் ஏற்றவில்லை. யார் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வரிக் கழிவுக்கான 18ஏ ரசீதை எழுதிய அண்ணனுக்குத்தான் தெரியும், அவர் வாயைத் திறக்கமாட்டார்.

சரி, பிரியாணிக்கு வருகிறேன். நான் வந்த புதிதில் பிரியாணியில் முழு மசூர் பருப்பைப் போடுவதைப் பார்த்து அதிர்ந்துபோய், ஊருக்கு போன் போட்டு அம்மாவிடம் புகார் சொன்னவள். நிதிக்காக வருஷத்துக்கு இரண்டு தடவை பிரியாணி விற்பீர்கள். கோயில் என்பதால் காய்கறியும் சோயாவும்தான். விடிகாலை மூன்று மணிக்கு மண்டபத்துக்குப் பின்னால் கேஸ் அடுப்பில் அண்டாக்கள் ஏறும். உருளைக்கிழங்கைத் தனியாகப் பொன்னிறமாக வறுத்து, வேகவைத்த பருப்பை அரிசியோடு அடுக்கடுக்காகப் போட்டு, மூடியின் விளிம்பில் மாவு ஒட்டி தம் போட்ட பிறகு ஒருவரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. பெரிய ஆண்ட்டி ஸ்டூல் போட்டுக் காவல் இருப்பார். எண்பதைத் தாண்டியவர், முழங்கால் இரண்டும் போனவர். என் மகளின் மூன்றாம் வருஷக் கருவிகளுக்காகப் போட்ட பிரியாணியில் நானூறு டப்பா, பதினோரு மணிக்குள் காலி. மூன்று மூட்டை வெங்காயம் உரித்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். இருபத்துநாலு வருஷத்தில் இப்போது பருப்பில்லாத பிரியாணி எனக்கு ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

அந்தக் கருவிகளில் ஒன்று ரெட்டினோஸ்கோப். டார்ச் லைட் மாதிரி சின்னதாக இருக்கும், கருவிகள் எல்லாம் சேர்த்து விலையோ என் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். விளக்கை அணைத்து, எதிரில் உட்கார்ந்தவரைத் தூரத்தில் ஒரு பொருளைப் பார்க்கச் சொல்லி, ஒரு கீற்று வெளிச்சத்தைக் கண்மணியின் குறுக்கே மெதுவாக நகர்த்த வேண்டும். உள்ளிருந்து திரும்பி வரும் வெளிச்சம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக் கண்ணாடி வில்லைகளை மாற்றிக்கொண்டே போக, ஒரு வில்லையில் அந்த அசைவு நின்றுவிடும். அதை வைத்துப் பவரைக் கணக்குப் போடுவார்கள். பழக நிறையக் கண்கள் வேண்டும். என் கண், அப்பா கண், ஆயா கண் எல்லாம் தீர்ந்துபோனதும் அவள் கோயிலில் ஆள் பிடித்தாள்.

அப்படி வந்தவர்தான் ரிட்டயர்டான அந்தப் பள்ளிக்கூட வாத்தியார் தாத்தா. மெட்ரிக் பிள்ளைகளோடு உட்கார்ந்து பல்கலைக்கழகங்களுக்குச் சேர்த்துப் போடும் சி.ஏ.ஓ. விண்ணப்பத்தில் ஆறு விருப்பங்களையும் எந்த வரிசையில் எழுதுவது என்று வருஷாவருஷம் சொல்லிக்கொடுப்பவர். ஆப்டோமெட்ரியை முதலில் எழுதச் சொன்னதும் அவர்தான். எங்கள் சோபாவில் ஒரு மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து, சுவரில் இருந்த கடைக் காலண்டர் பிள்ளையாரையே பார்த்துக்கொண்டிருந்தார். தலை அசையக் கூடாது, ஆனால் வாய் அசையலாமே. பேசினார்.

நகராட்சியில் வேலை பார்த்த இந்தியர்களின் குடியிருப்பாக இருந்த மேகசின் பாரக்ஸில் பிறந்தவராம். அப்பா நகராட்சித் தொழிலாளி. படித்தது சாஸ்திரி கல்லூரியில். 1927ல் இந்திய அரசின் பிரதிநிதியாக வந்த சீனிவாச சாஸ்திரி இங்கிருந்த இந்தியர்களிடமே பணம் திரட்ட, 1929ல் திறந்த பள்ளி. அவர் வலங்கைமான்காரர், எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் அரை மணி! டவுனில் அந்தப் பக்கமாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன், பெயரைப் பார்த்து யாரோ வடக்கத்திக்காரர் என்று நினைத்திருந்தேன். பல்கலைக்கழகப் படிப்பை இனவாரியாகப் பிரித்த 1959 சட்டத்துக்குப் பிறகு இந்தியப் பிள்ளைகளுக்கு என்று தனியாக ஒதுக்கிய கல்லூரி 1961ல் சாலிஸ்பரி தீவில் திறந்தது. பழைய கடற்படைக் கொட்டகைகள். அப்போது துறைமுகத்தில் படகு ஏறித்தான் போக வேண்டுமாம். "போக இஷ்டமில்லை. ஆனால் வேற எங்கே போறது?" என்றார். அவருடைய முதல் வருஷக் கட்டணம் கூத்தில் வந்த பணம். தெருக்கூத்தை இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்பார்கள். ராத்திரி முழுக்க ஆடி, தட்டில் விழுந்த சில்லறையை ஒரு துணியில் முடிந்து அவர் அப்பாவிடம் கொடுத்தார்களாம். அந்தப் பொட்டலத்தின் கனம் கையில் இன்னும் இருக்கிறது என்று கையைத் தூக்கிக் காட்டினார். "தாத்தா, அசையாதீங்க" என்றாள் என் மகள்.

அப்புறம் விட்டுப்போகக் கூடாத சிலர். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் பின்சுவர் வழியாகச் சேற்றுத் தண்ணீர் வந்து லேப்டாப் போனபோது, அடுத்த வாரமே தன்னுடையதைக் கொடுத்த தம்பிக்கு. அதில் 'ஆர்' எழுத்துப் பொத்தான் கிடையாது, கீழே இருக்கும் ரப்பரை அழுத்தித்தான் அவள் இரண்டாம் வருஷம் முழுக்க எழுதினாள். லோட் ஷெட்டிங் (மின்வெட்டு) உச்சத்தில் இருந்த 2023ல், இன்வெர்ட்டர் வைத்திருந்த காரணத்துக்காகத் தன் சாப்பாட்டு மேஜையைத் தேர்வு முடியும்வரை மூன்று பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்ட ஆண்ட்டிக்கு. இரவு லேப் முடிந்து வரும்போது பெண்பிள்ளையைத் தெருமுனையில் இறக்கிவிடாமல் வாசல் வரை கொண்டுவந்து விட்ட டாக்சி அண்ணனுக்கு. அவர் தமிழர் இல்லை, சூலுக்காரர், எங்கள் நிதியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார். இந்தப் பத்தியை மட்டும் என் மகள் அவருக்கு சூலுவில் சொல்வாள்.

அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. முதல் சம்பளத்தில் எனக்குப் புடவை எடுப்பாள் என்று பார்த்தேன். நான் வேலை பார்க்கும் கடை, சலுகை விலைகூட உண்டு. அவள் வங்கிக்குப் போய் மாதம் நூறு ராண்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். புடவை அடுத்த மாதமாம்.

கடைசியாக ஒன்று. நாலு வருஷத்தில் சாம்பாரும் ஊறுகாயும் கேக்குமாக நீங்கள் கொடுத்தனுப்பிய டப்பாக்கள் பதினேழு எங்கள் வீட்டில் இருக்கின்றன. கழுவி வைத்திருக்கிறேன். நீல மூடி போட்ட பெரிய டப்பாவுக்கு இரண்டு ஆண்ட்டிகள் சொந்தம் கொண்டாடுகிறார்கள் என்று கேள்வி. சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் மண்டபத்து மேஜையில் எல்லாவற்றையும் பரப்பி வைக்கிறேன், வந்து பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தமிழ் வகுப்பு அக்கா
சாட்ஸ்வொர்த், டர்பன்