ஒரு தாள் கனம்

அன்பு மகளுக்கு,

நலம் விசாரிப்பெல்லாம் போனிலேயே முடிந்துவிட்டது. உன் பழைய கார் விஷயம் பேச்சில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதுகிறேன். நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பானெட் வெளிறியிருக்கிறது. கூரையில் சுண்ணாம்பு பூத்த மாதிரி ஒரு வெண்மை. பம்பரில் பழுப்புப் புள்ளிகள். இதில் எதுவுமே பெயிண்டரைக் கூப்பிட வேண்டிய அளவுக்கு இல்லை. பெயிண்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் பஃபிங் மெஷின் வாங்கப்போகிறேன் என்றாயே, அதை மட்டும் இப்போதைக்கு நிறுத்திவை.

முதலில் கனத்தைத் தெரிந்துகொள். ஃபேக்டரியில் அடித்த பெயிண்ட், அடிப்பூச்சான பிரைமரையும் சேர்த்து, பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான்தான். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். நீ எழுதும் வெள்ளைத் தாள் ஒன்று சுமார் 100 மைக்ரான். அவ்வளவுதான் உன் கையிலிருக்கும் சொத்து. இத்தனை வருடத்தில் காம்பவுண்டு என்ற சிராய்ப்புப் பசை போட்டுத் தேய்த்த ஒவ்வொருவரும் அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். பெயிண்ட் கனம் அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கு. காந்தத்தில் மட்டும் வேலை செய்யும் மீட்டர் இரும்புத் தகட்டுக்குத்தான் ஆகும், அலுமினியத்தில் காட்டாது. ஒவ்வொரு தகட்டிலும் ஐந்து இடத்தில் அளந்து, வண்டியின் படம் ஒன்று வரைந்து அதில் குறித்துவை. 250-ஐத் தாண்டினால் மறுபெயிண்ட் என்று சந்தேகப்படு. 500, 1000 என்று போனால் அடியில் பட்டி இருக்கிறது. 70-க்குக் கீழே காட்டும் இடத்தில் பாலிஷே வேண்டாம், மெழுகோடு நிறுத்திக்கொள். மடிப்புக் கோடுகளிலும் விளிம்புகளிலும் எப்போதுமே கனம் குறைவு, பிரைமர் முதலில் எட்டிப்பார்ப்பது அங்கேதான். வேலை தொடங்குமுன் அவற்றின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடு.

அடுத்து, லேக்கர், எனாமல் என்ற இரண்டு வகையில் என்ன பெயிண்ட் என்று பார். டிக்கி விரிப்புக்கு அடியில், யார் கண்ணிலும் படாத ஓர் இடத்தில், பஞ்சு நுனியில் லேக்கர் தின்னர் தொட்டு, தீக்குச்சித் தலை அளவுக்கு மட்டும் ஒற்று. நிறம் உடனே கரைந்து பஞ்சில் வந்தால் லேக்கர். எத்தனை வருடமானாலும் அது தன் கரைப்பானில் கரையும். கரையாமல் நின்றாலோ சுருங்கினாலோ எனாமல். பிறகு வெள்ளைத் துணியில் துளி மென்மையான பாலிஷ் எடுத்து ஓரிடத்தில் தேய். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற மேல்பூச்சு இல்லாத ஒற்றைப் பூச்சு. 1980-களுக்கு முந்தைய வண்டிகள் பெரும்பாலும் இப்படித்தான். நான் இனிச் சொல்வதெல்லாம் அதற்குத்தான்.

கழுவும்போது பிரஷர் வாஷர் பக்கமே போகாதே. பழைய ரப்பர் பீடிங் வழியாகத் தண்ணீர் கதவுக்குள் இறங்கினால் துரு உள்ளிருந்து வரும். நிழலில், தகடு ஆறிய பிறகு, இரண்டு வாளி வைத்துக்கொள்: ஒன்றில் காரமில்லாத கார் ஷாம்பூ, மற்றதில் துணி அலச வெறும் தண்ணீர். கூரையிலிருந்து கீழ்நோக்கி வா. பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டவே வேண்டாம், முன்பு பூசிய மெழுகையெல்லாம் வழித்துக்கொண்டு போய்விடும்.

இப்போது வெளிறலுக்கு வருகிறேன். வெயிலில் பெயிண்டின் பிசின் சிதைந்துவிடுகிறது. பிடிமானம் போன நிறத்தூள் மேலே தனியாக நிற்கிறது. விரலால் தடவினால் மாவு மாதிரி ஒட்டுவது அதுதான். அந்த வறண்ட படலத்தில் நேராக காம்பவுண்டைப் போட்டால் மாவோடு சேர்ந்து நல்ல பெயிண்டும் வந்துவிடும். அதனால் முதலில் அதற்கு எண்ணெய் ஊட்ட வேண்டும். சிராய்ப்புத்தூள் இல்லாத, எண்ணெய்ச்சத்து மிகுந்த கிளேஸ் என்ற திரவம் இதற்கென்றே இருக்கிறது. மெகுயர்ஸ் கம்பெனியின் 7-ஆம் எண் கிளேஸைப் பழைய ஒற்றைப் பூச்சில் வேலை செய்பவர்கள் நம்பிப் பயன்படுத்துகிறார்கள்.

பானெட்டில் இரண்டு அடிக்கு இரண்டு அடி சதுரம் டேப் ஒட்டிப் பிரித்துக்கொள். கிளேஸைத் தாராளமாக ஊற்றி, டர்க்கித் துணியால் நன்றாக அழுத்தித் தேய். இங்கே மைக்ரோஃபைபரைவிட டர்க்கித் துணியின் சுருள் நூல்தான் இறந்த படலத்தை நெம்பி எடுக்கும். சில நிமிடங்களில் துணி வண்டியின் நிறத்துக்கு மாறும். பயப்படாதே, போவது செத்த பெயிண்ட். ஈரமாக ஒரு படலம் மேலே விட்டு, 12 முதல் 24 மணி நேரம் அப்படியே வை. மறுநாள் அதன் மேலேயே புதிதாகக் கொஞ்சம் ஊற்றி, ஊறியதை இளக்கித் துடைத்தெடு. பக்கத்து இடத்தோடு ஒப்பிட்டுப் பார், நிறம் ஆழமாகியிருக்கும். இன்னும் வறட்சி தெரிந்தால் இன்னொரு முறை. பிறகுதான், அதுவும் தேவைப்பட்டால் மட்டும், மிக மென்மையான ஃபினிஷிங் பாலிஷ், மென்மையான ஃபோம் பேட், கையால் நாலைந்து சுற்று. மீட்டரை மறுபடி வைத்துப் பார். கோடு கீறல் மிச்சம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். கண்ணாடி மாதிரி பானெட் வேண்டுமென்றால் புதுப் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாமே.

மெட்டாலிக் நிறமென்றால் கை இன்னும் அடக்கமாக இருக்க வேண்டும். ஒற்றைப் பூச்சில் அலுமினியத் துகள் நிறத்தோடே கலந்திருக்கும். தேய்த்தால் துகள் வெளிப்பட்டுக் கருக்கும், திட்டுத்திட்டாகத் தெரியும். துணி சாம்பல் நிறமாக வந்தால் அதோடு நிறுத்து.

லேக்கரில் வேறொரு தொல்லை உண்டு. டார்ச்சைத் தகட்டோடு படுக்க வைத்துப் பார். காய்ந்த குளத்து மண் மாதிரி மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் அங்கே, பெயிண்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் பார் போடாதே, வெடிப்பின் விளிம்பைப் பெயர்த்துவிடும். வெள்ளை பாலிஷும் வேண்டாம், வெடிப்புக்குள் உலர்ந்து வெள்ளைக் கோடாக நின்றுவிடும், எடுக்கவே முடியாது. பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு, நிறமில்லாத மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மெல்லியதாகப் பூசு. அருங்காட்சியகங்களில் புழங்கும் மெழுகு அது. அதிலும் கரைப்பான் இருப்பதால் மறைவிடத்தில் ஒருமுறை சோதித்துவிட்டுப் பூசு. சிலிக்கான் கலந்த ஸ்ப்ரே எதுவும் வண்டிப் பக்கம் வரக் கூடாது. பின்னால் எப்போதாவது டச்சப் செய்ய நேர்ந்தால், அந்த இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் மீன்கண் மாதிரி குழி குழியாக விலகி நிற்கும்.

பம்பருக்கு உப்புத்தாள், இரும்பு நார் ஒன்றும் வேண்டாம். அதன் மேலே பளபளக்கும் குரோம் முலாம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. பழுப்புப் புள்ளிகளில் மெல்லிய எண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிடு. பிறகு சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, துருவை எடுக்கும், குரோமைக் கீறாது. ஆனால் பெயிண்டைக் கீறும், ஓரத்தில் டேப் ஒட்டிக்கொள். துரு போன இடத்தில் ஊசிமுனைக் குழிகள் மிஞ்சும். அவற்றை மெழுகால் நிரப்பிவிடு, ஈரம் திரும்ப இறங்காது. பளபளக்கும் எல்லாமே குரோம் என்று நினைத்துவிடாதே. கிரில்லும் ஓரப் பட்டைகளும் ஆனோடைஸ் செய்த, அதாவது மின்முறையில் காப்புப் படலம் ஏற்றிய, அலுமினியமாக இருக்கலாம். மல்டிமீட்டரின் இரு முனைகளையும் மறைவான இடத்தில் மெதுவாக, குத்தாமல் வைத்துப் பார். மின்சாரம் கடக்காவிட்டால் மேலே பூச்சு இருக்கிறது, அங்கே மெட்டல் பாலிஷ் போட்டால் அந்தப் பூச்சு போயே போய்விடும்.

தோல் இருக்கைக்கு, தோலுக்கென்றே விற்கும் சேடில் சோப் வேண்டாம், காரத்தன்மை உள்ளது. மென்மையான பிரஷும் வேக்குவமும் போதும். கூரைத்துணியை நனைக்காதே.

எஞ்சின் அறையிலும் வண்டிக்கு அடியிலும் எண்ணெய்ப் பிசுக்கு போக்கும் டீகிரீசர் அடிக்குமுன் டார்ச் பிடித்து ஒரு மணி நேரம் பார். சாக்கட்டிக் குறி, போல்ட் தலையில் ஒரு சொட்டு மஞ்சள் பெயிண்ட், எதிர்பாராத இடத்தில் தெறித்த ஸ்ப்ரே தூசி: ஃபேக்டரியில் சோதித்தவர்கள் விட்டுப்போன தடங்கள் அவை. ஒருமுறை கழுவினால் போனது போனதுதான். முதலில் படமெடு. வெளிர் மஞ்சளாக மின்னும் பழைய போல்ட்களைக் கம்பி பிரஷால் தேய்க்காதே, அது கேட்மியம் முலாமாக இருக்கலாம், அதன் தூசி நஞ்சு. பழைய மஞ்சள், சிவப்புப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம், உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. பிரேக் டிரம் தூசியைக் காற்றடித்து ஊதாதே, அதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும்.

நிறுத்தும் இடத்தில் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. ஏறினால் துருவும் பூஞ்சையும், ரொம்ப இறங்கினால் தோலும் மரமும் வெடிக்கும். பிளாஸ்டிக் உறை போடாதே, உள்ளே வேர்த்துப் பெயிண்ட் கொப்பளிக்கும். காற்றோடும் துணி உறை போடு, அதுவும் வண்டியில் தூசி இல்லாதபோது மட்டும்.

அந்த இரண்டடிச் சதுரத்தை முடித்துவிட்டு, துடைத்த துணியையும் சேர்த்து ஒரு படம் அனுப்பு. துணியின் நிறத்தைப் பார்த்துத்தான் அடுத்ததைச் சொல்ல முடியும்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: டிக்கி மூடியின் உட்புறம் ஜாக் போடும் முறை அச்சிட்ட காகித ஸ்டிக்கர் இருந்தால், ஈரத்துணி படாமல் பார்த்துக்கொள். உலர்ந்த மென்மையான பிரஷ் மட்டும்.