இம்போர்ட் வரிகளில் கை வைக்கும் முன்

அன்புள்ள செல்வா,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல்.

புது வேலையில் பழைய பைத்தான் கோடு ஒன்றை உன் தலையில் கட்டியிருக்கிறார்கள், வேறு ஃபைல்களை உள்ளே கொண்டுவரும் இம்போர்ட் வரிகள் தாறுமாறாகக் கிடக்கின்றன, கோடைச் சரிபார்த்துத் திருத்தும் ரஃப் கருவியை ஓட்டிவிடலாமா என்று கேட்டிருந்தாய். ஓட்டு. ஆனால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்யாதே.

ரஃப்பில் இம்போர்ட்டுகளை வரிசைப்படுத்தும் விதி ஐ001 (I001), பயன்படாததை நீக்கும் விதி எஃப்401 (F401). முன்னதை நான் தயங்காமல் ஓட்டுவேன். பைத்தானோடு வருபவை மேலே, வெளியிலிருந்து நிறுவியவை நடுவில், நம்முடையவை கீழே என்று பைத்தானின் எழுத்து நடை வழிகாட்டியான பெப் 8 சொல்லும் அடுக்குதான். முன்பு ஐசார்ட் என்ற தனிக் கருவி செய்த வேலை. ஒன்றையொன்று இம்போர்ட் செய்யும் ஃபைல்கள் இருந்தால் வரிசை மாறி உடையலாம். உடைந்தால் பெரும்பாலும் ஓட்டியதுமே எரர் வந்துவிடும்.

எஃப்401 சத்தமில்லாமல் உடைக்கும். போன வருஷம் பட்டேன். ஜாங்கோ என்ற பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்கில் எழுதிய எங்கள் ப்ராஜெக்டில் ஆர்டர் சேவ் ஆனதும் ரசீது மெயில் போகும். சேவ் ஆனதும் மெயிலை அனுப்ப வைக்கும் சிக்னல்கள் தனி ஃபைலில் இருந்தன. ஆப் தொடங்கும்போது ஓடும் ரெடி ஃபங்ஷனுக்குள் அந்த ஃபைலை இம்போர்ட் செய்யும் ஒரே ஒரு வரிதான் இணைப்பு. அந்தப் பெயரை வேறெங்கும் யாரும் தொடுவதில்லை என்பதால் கருவி நீக்கிவிட்டது. டெஸ்ட் எல்லாம் பச்சை. இரண்டு நாள் ஒரு ரசீதுகூடப் போகவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்த பிறகு தேடிப் பிடித்தோம். ஃபங்ஷனைத் திறந்தால் உள்ளே, எதுவும் செய்யாதே என்று பொருள்படும் ‘பாஸ்’ என்ற ஒற்றைச் சொல். இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பைத்தானில் ஒரு ஃபைலை முதன்முறை இம்போர்ட் செய்யும்போது அது மேலிருந்து கீழ்வரை ஓடுகிறது. சிக்னலைப் பதிவு செய்வது அந்த ஓட்டம்தான். கருவி பார்ப்பது பெயரை மட்டும்.

அதனால் முதலில் வரிசையை மட்டும் சரிசெய்து, கிட்டில் தனி கமிட்டாக, அதாவது தனி மாற்றப் பதிவாகப் போடு. அதன் அடையாளக் குறியீடான ஹாஷை கிட்-ப்ளேம்-இக்னோர்-ரெவ்ஸ் ஃபைலில் எழுதி, கிட் கான்ஃபிகிலும் அந்த ஃபைலைக் காட்டிவிடு. இல்லையென்றால் எந்த வரியைக் கடைசியாக மாற்றியது யார் என்று ப்ளேமில் பார்க்கிறவர்களுக்கு எல்லா இம்போர்ட்டிலும் உன் பெயர்தான் வரும். எஃப்401-ஐத் திருத்த விடாமல் பட்டியலாக எடுத்து, ஒவ்வொன்றாகப் படி. வேண்டுமென்றே வைத்த வரி என்றால் அதைத் தொடாதே என்று கருவிக்குச் சொல்லும் நோ-க்யூ-ஏ (noqa) கமெண்டோடு காரணத்தையும் பக்கத்திலேயே எழுது. எங்கள் வரிக்கு அந்தக் கமெண்ட் இல்லை.

பட்டியல் எவ்வளவு நீளம் வந்தது என்று எழுது. பெரிதாக இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் உட்கார்ந்து சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
ரவி