பேய் விருந்துக்கு அச்சு முறுக்கு

ஆயர் ஈத்தாம், பினாங்கு
2025 அக்டோபர் 2, விஜயதசமி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையையும் குட்டியையும் கேட்டதாகச் சொல். நேற்று மாலை பிடித்த மழை இன்னும் விடவில்லை. மலைப்பக்கம் முழுவதும் வெள்ளையாக மூடிக் கிடக்கிறது. இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். அளவுகள் நிறைய இருக்கின்றன, அதனால் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. சில விஷயங்களைப் பேசத் தொடங்கினால் எனக்குக் குரல் நிற்பதில்லை.

சனிக்கிழமை நீ கேட்டாயே, "இந்த வருஷம் ஹாலோவீன் விருந்து நம் வீட்டில்தான் அப்பா, பன்னிரண்டு பிள்ளைகள் வருகிறார்கள், குட்டிக்கு மட்டும் தனியாக என்ன செய்யலாம்?" என்று. அந்தத் 'தனியாக' என்ற சொல்தான் ஐந்து நாட்களாக என்னைக் குடைகிறது.

2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31இல், வந்தன. காலையில் எண்ணெய்க் குளியல், சாயங்காலம் தோழி வீட்டில் பேய் வேடம் என்று நீ படங்கள் அனுப்பியிருந்தாய். அதில் ஒரு படத்தை அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். எல்லாப் பிள்ளைகளும் மேசையைச் சுற்றி நிற்கிறார்கள். நம் குட்டி மட்டும் மேசையின் கோடியில் உட்கார்ந்து, நீ கட்டிக்கொடுத்த டப்பாவின் மூடியைத் திறந்துகொண்டிருக்கிறாள். அழவில்லை. ஏழு வயதுக்குள் அவளுக்கு அது பழகிவிட்டது. அந்த வீட்டாரைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் அன்பாகத்தான் அழைத்தார்கள். ஆனால் இந்த முறை மேசை உன்னுடையது. ஆகையால் அப்பா கேட்பது ஒன்றே ஒன்று: அந்த மேசையில் கோதுமையே இருக்க வேண்டாம். பன்னிரண்டு பிள்ளைகளும் ஒரே தட்டிலிருந்து எடுக்கட்டும். எதிலிருந்து வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று அவளிடம் நீ முன்கூட்டியே சொல்லிவிடு.

இதைச் சொல்பவன் யார் என்று எனக்குத் தெரியும். முப்பத்து மூன்று வருடம் ரொட்டிப் பேக்கரியில் கோதுமை மாவைப் பிசைந்தவன். 25 கிலோ மூட்டையைத் தோளில் சுமந்தவன். அதிகாலையில் நான் வீடு திரும்பும்போது என் தலைமுடியில் படிந்த மாவைத் தட்டித் தட்டி நீ சிரிப்பாய். நம் வீட்டு அரிசியும் உன் படிப்பும் அந்த மாவில் வந்தவை. அதே மாவு என் பேத்தியின் குடலைப் புண்ணாக்குகிறது என்று நீ சொன்ன நாளில் எனக்கு என் கைகளையே பார்க்கப் பிடிக்கவில்லை.

போன முறை நான் அங்கே வந்திருந்தபோது நடந்ததை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. ரசம் வைத்தேன். அரிசி, புளி, மிளகு, இதில் கோதுமை எங்கே என்று நினைத்தேன். இங்கிருந்து கொண்டுவந்த பெருங்காயத்தூளில் ஒரு சிட்டிகை போட்டேன். இரண்டு நாள் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். பிறகுதான் டப்பாவைத் திருப்பிப் படித்தேன்: கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கிறது. உங்கள் நாட்டில் ஒரு பொருளைக் குளூட்டன் (கோதுமையில் இருக்கும், குட்டிக்கு ஆகாத புரதம்) இல்லாதது என்று விற்க, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாதாம். மூட்டைக் கணக்கில் வாழ்ந்த நான் அன்றிலிருந்து மில்லிகிராமில் யோசிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

மாப்பிள்ளை ஒருமுறை சொன்ன வில்லெம் டிக்கே என்ற டச்சு மருத்துவரைப் பற்றி இங்கே நூலகத்தில் படித்தேன். குட்டிக்கு இருக்கும் இந்தச் சீலியாக் நோய்க்குக் கோதுமைதான் காரணம் என்று அவர் முன்பே சந்தேகப்பட்டிருக்கிறார். 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் வந்து ரொட்டி அற்றுப்போனபோது நோயுற்ற பிள்ளைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் மறுபடி விழுந்தார்கள். 1950இல் அதை ஆய்வேடாக எழுதினார். படித்தபோது உன் அப்பாயிதான் நினைவுக்கு வந்தார். அதே ஆண்டுகளில்தான், ஜப்பான்காரன் காலத்தில், அவர் இங்கே மரவள்ளிக்கிழங்கைத் தின்று பிழைத்தார். அதன் பிறகு சாகும்வரை மரவள்ளியைக் கையால் தொடவில்லை. இப்போது அவருடைய மகன் கொள்ளுப்பேத்திக்காக மரவள்ளி மாவைக் கிலோக்கணக்கில் வாங்கிக்கொண்டிருக்கிறேன். நேற்று ஆயுத பூஜையில் என் பழைய தராசுக்கும் உருட்டுக்கட்டைக்கும் பக்கத்தில் அந்தப் பையையும் வைத்துப் பொட்டு இட்டேன்.

இனி வேலைக்கு வருகிறேன்.

கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் ரப்பர்போல இழுபடுகிறதே, அந்த இழுவைதான் குளூட்டன். அது இல்லாத மாவு உதிரும். அதனால் கேக், பஃப்ஸ் என்று கோதுமை செய்வதை அப்படியே செய்ய முயன்றால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பிஸ்கட் பரவாயில்லை, பிஸ்கட் உதிர்வதுதானே அழகு. அரிசி மாவு 200 கிராம், மரவள்ளி மாவு 100, வெண்ணெய் 150, சீனி 100, ஒரு முட்டை, மாவை ஒட்டவைக்கும் சாந்தன் கம் பொடி அரை தேக்கரண்டி. பிசைந்ததும் தேய்க்காதே. குறைந்தது ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வை. அரிசி மாவு ஈரத்தை மெதுவாகத்தான் குடிக்கும். அவசரப்பட்டால் பல்லில் மணலாகக் கடிபடும். இரண்டு பேக்கிங் தாளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்து, பேய், வௌவால், பூனை என்று வெட்டி, 170 டிகிரியில் 12 நிமிடம். சூட்டோடு தூக்காதே, உடையும். தட்டிலேயே ஆறட்டும்.

மேல்பூச்சுக்குச் சாயப் புட்டிகள் வேண்டாம். நம் வேலியில் படர்ந்திருக்கும் சங்குப்பூ நினைவிருக்கிறதா? இங்கே ஞோஞா (மலாய்ச் சீனர்) பலகாரங்களில் நீலம் ஏற்றுவது அதுதான். காய்ந்த பூ அங்கே தேநீர்க் கடையில் கிடைக்கிறது என்று சொல்லியிருந்தாய். ஒரு கைப்பிடியைக் கொஞ்சமே கொஞ்சம் வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்தால் மை போன்ற நீலம் வரும். 200 கிராம் ஐசிங் சீனிக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். அதைப் பாதியாகப் பிரித்து ஒரு பாதியில் எலுமிச்சைச் சாறு சில துளி விடு. கண்ணெதிரே ஊதாவாக மாறும். அந்தத் துளியைக் குட்டியின் கையால் விடச் சொல், பிள்ளைகள் அனைவரும் பார்க்கும்போது.

சிலந்திக்குக் கால் வைக்கக் கருப்பு லிக்கரிஸ் கயிற்று மிட்டாய் வாங்கிவிடாதே. அதில் பெரும்பாலும் கோதுமை மாவு இருக்கும். கருப்புச் சாக்லேட்டை உருக்கித் தாளில் கோடு கோடாக இழுத்துக் குளிரவைத்தால் கால் தயார். பொரிந்த அரிசிச் சீரியலிலும் பார்லி மால்ட் சேர்ப்பது உண்டு. அங்கே பொட்டலங்களில் இந்தப் பெயர்களைத் தடித்த எழுத்தில் போடுகிறார்கள், அது பெரிய உதவி. கோதுமை இல்லை என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது, பார்லியும் ரை என்ற தானியமும் இருக்கலாம், அவற்றிலும் குளூட்டன் உண்டு.

இப்போது மிக முக்கியமானது. குட்டி காணொளியில் காட்டினாளே, ஸ்காட்லாந்துப் பிள்ளைகளின் விளையாட்டு: கருப்புப் பாகு பூசிய ஸ்கோனை (ஒரு சிறு ரொட்டி) கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் கவ்வுவது. பள்ளியில் மற்றவர்கள் விளையாடியதைப் பார்த்துக்கொண்டு நின்றதாகச் சொன்னாள். அவளும் கவ்வும்படி கோதுமை இல்லாத ஸ்கோன் சுடுவது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். ஆனால் கயிற்றில் தொங்குவதற்குத்தான் இழுவை வேண்டும்! முதல் தட்டு நூல் கோக்கும்போதே பொடியானது. சாந்தன் கம் போட்ட இரண்டாவது தட்டு துணிக்கொடியில் ஐந்து நிமிடம் நின்றது. பிறகு நூல் கம்பிபோல அறுத்துக்கொண்டு இறங்கியது. இசப்கோல் உமி போட்ட மூன்றாவது தட்டு விழவில்லை. ஆனால் அதைப் பிள்ளைகளுக்குத் தர மனம் வரவில்லை, அவ்வளவு சவசவ என்று இருந்தது.

நேற்றுப் பூஜைக்கு உன் அம்மா வடை தட்டிக்கொண்டிருந்தாள். நான் நான்காவது தட்டுக்கு மாவு அளப்பதைப் பார்த்து, "ஓட்டையோடு பலகாரம் நம் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறதே" என்றாள்.

உளுந்து வடை! ஒரு துளி குளூட்டன் கிடையாது, நடுவில் நூல் போக வழியும் உண்டு. 250 கிராம் உளுந்தை இரண்டு மணி நேரம் ஊறவைத்துக் கெட்டியாக அரைத்துக்கொள். வெங்காயம், மிளகாய், பெருங்காயம் எதுவும் வேண்டாம். உப்பு ஒரு சிட்டிகை. பொரித்து ஆறியதும், சிறிது வெந்நீரில் இளக்கிய பாகில் முக்கி எடு. உளுந்தைத் திறந்த மூட்டையில் அள்ளி விற்கும் கடையில் வாங்காதே, ஒரே கரண்டி எல்லா மூட்டைக்கும் போகும். நான் இங்கே குலா மலாக்கா என்ற பனைவகைக் கருப்பட்டியைக் காய்ச்சி முக்கினேன். துணிக்கொடியில் ஆறு வடை தொங்கவிட்டுப் பக்கத்து வீட்டுச் சீனப் பையனைக் கூப்பிட்டேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எகிறி எகிறிக் கவ்வினான். மூக்கு, கன்னம், நெற்றி எல்லாம் பாகு. ஒரு வடைகூட அறுந்து விழவில்லை. நானும் அம்மாவும் கைதட்டினோம்.

பேய் நாளைக் கொண்டாடலாமா என்று உன் பெரியம்மா கேட்டாராம். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில், பேய்த் திருநாளுக்குச் சீனர்கள் கூத்து மேடை போட்டு, முன்வரிசை நாற்காலிகளை ஆவிகளுக்காகக் காலியாக விட்டுவைக்கும் ஊரில் வளர்ந்தவள் நீ. பசித்த பேய்க்கும் ஓர் இடம் வைக்கிறார்கள். தயங்காமல் கொண்டாடு.

இந்தக் கடிதத்தோடு வரும் பொட்டலத்தில் அப்பாயியின் பித்தளை அச்சு இருக்கிறது. அச்சு முறுக்கைத் தட்டில் வைத்துப் பார், வட்டத்துக்குள் வட்டம், குறுக்கே கம்பிகள். அச்சாகச் சிலந்தி வலை. மேலே ஒரு சாக்லேட் சிலந்தியை உட்காரவைத்தால் வேறு அலங்காரமே தேவையில்லை. இங்கே பலர் இதிலும் கோதுமை மாவு கலக்கிறார்கள், நீ கலக்காதே. அரிசி மாவு 250 கிராம், மரவள்ளி மாவு 50, சீனி 120, முட்டை இரண்டு, தேங்காய்ப்பால் 300 மில்லி, உப்பு. தோசை மாவைவிடச் சற்று நீர்க்க இருக்கட்டும், அரை மணி ஊறட்டும். அச்சை எண்ணெயிலேயே நன்றாகச் சூடேற்றி, மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்கு. மேல் விளிம்பை மாவு மூடினால் கழன்று வராது.

அச்சைத் தேய்த்துக் கழுவி, இரண்டு முறை கொதிநீரில் போட்டு எடுத்துவிட்டேன். உலோகம் கழுவினால் சுத்தமாகும். மரக்கரண்டியும் சல்லடையும் அப்படி ஆகாது, அவற்றைப் புதிதாக வாங்கிக்கொள். எண்ணெயும் புதிதாக இருக்கட்டும்.

இந்த ஆண்டு தீபாவளி 20ஆம் தேதியே வந்துவிடுகிறது. அன்று ஒருமுறை சுட்டுக் கை பழகிக்கொள், விருந்துக்கு முன் பதினோரு நாள் இருக்கும். முதல் இரண்டு மூன்று ஒட்டிக்கொள்ளும். அப்பாயிக்கும் ஒட்டும், அவர் அதை அடுப்பங்கரையிலேயே எனக்குக் கொடுத்துவிடுவார். நன்றாகக் கழன்று வரும் முதல் முறுக்கைக் குட்டியிடம் கொடு. இங்கே எத்தனை மணியானாலும் பரவாயில்லை, அப்போது எனக்குப் போன் செய். அவள் கடிக்கும் சத்தத்தைக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா