ஐந்தாம் வகுப்பைக் கடற்கரைக்கு அழைத்துப் போங்கள்

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பாம்பனிலிருந்து எழுதுகிறேன். கடல் தொழில் செய்கிறவன். மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள்.

ஜூலை 27, அப்துல் கலாம் ஐயாவின் நினைவு நாள். அன்று பேசுவதற்காக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பிறந்த தேதி, வகித்த பதவிகள், வாங்கிய விருதுகள். ஒரு வாரம் மனப்பாடம் செய்து தடுமாறாமல் ஒப்பித்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல், "ராக்கெட் எப்படிப்பா மேலே போகுது?" என்று கேட்டாள். அந்தப் பக்கத்தில் அது இல்லை.

கலாமும் ஐந்தாம் வகுப்பில் இப்படித்தான் இருந்திருக்கிறார். ராமேஸ்வரத்தில் சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் பறவையை வரைந்து, அது பறப்பதைப் பற்றிப் பாடம் நடத்தினார். புரியவில்லை என்று பையன்கள் சொல்ல, கோபப்படாமல் சாயங்காலம் கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். இறக்கையை எப்போது அடிக்கிறது, திரும்புவதற்கு வாலை என்ன செய்கிறது என்று. தன் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு சாயங்காலத்திலிருந்து வந்ததாகக் கலாமே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அதே கடல் இன்றும் உங்கள் பள்ளிக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஆடிக் காற்றில் மீன் இறங்குதளத்துக்கு வந்து பாருங்கள். செம்பருந்து காற்றை எதிர்த்து ஒரே இடத்தில் நிற்கும். இறக்கை அசையாது, வால் மட்டும் சுக்கான் மாதிரி மெல்லத் திரும்பிக்கொடுக்கும். சட்டென்று சரிந்து, தண்ணீரில் மிதக்கிற குடலை நகத்தால் கவ்விக்கொண்டு ஏறிவிடும். பாயும் சுக்கானும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைவிட எளிதாக விமானத்தை எப்படி விளக்குவது?

மகள் கேட்ட அன்று ராத்திரி திண்ணைத் தூணிலிருந்து ஜன்னல் வரை தங்கூசி (மீன்பிடி நைலான் நூல்) கட்டி, ஸ்ட்ரா கோத்து, அதில் பலூனை ஒட்டி விட்டேன். காற்று பின்னால் போக, பலூன் முன்னால் ஓடியது. பதினேழு தடவை ஊதச் சொன்னாள். அப்புறம் கலாம் தலைமையில் செய்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட் பற்றிச் சொன்னேன். 35 கிலோ ரோகிணி செயற்கைக்கோளைத் தூக்கிப் போக 17 டன் ராக்கெட், அதில் பெரும்பகுதி எரிபொருள் என்றதும் வாயைப் பிளந்தாள். 1979 ஆகஸ்ட் 10-இல் முதல் ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது, 1980 ஜூலை 18-இல்தான் ரோகிணி சுற்றுப்பாதைக்குப் போனது என்றும் சொன்னேன். கடலில் எங்கே விழுந்தது என்று அவள் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

விமானப்படை விமானியாக ஆசைப்பட்டு டேராடூனில் தேர்வுக்குப் போனவர் கலாம். எட்டுப் பேரை எடுத்தார்கள், அவர் ஒன்பதாவது. விருதுப் பட்டியலைவிட இந்தக் கதை பிள்ளைகளுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

ஒரே டீச்சர் இரண்டு வகுப்பைப் பார்க்கிற பள்ளிகள் உண்டு, உங்கள் சிரமம் தெரியும். மாலை போடுங்கள், பேச்சுப்போட்டி வையுங்கள், சரி. ஆனால் அடுத்த ஜூலை 27 சாயங்காலம் ஒரு மணி நேரம் பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டி வாருங்கள். பாம்பன் பக்கம் வருவதானால் முதல் நாளே சொல்லி அனுப்புங்கள். தொழிலுக்குப் போகாமல் கரையில் இருக்கிறேன். பாயையும் சுக்கானையும் நான் காட்டுகிறேன், பறவையை நீங்கள் சொல்லிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஐந்தாம் வகுப்பு மாணவியின் அப்பா, பாம்பன்