செவலைக்கு இப்பத் தேவல கண்ணு

கண்ணு,

மூணு நாளா நீ போனை எடுக்கல, வேலையா இருப்பேன்னு அம்மாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். நம்ம செவலை கன்னு போட்டு 22 நாளாச்சு, 16 லிட்டர் கறந்தது திடீர்னு 9க்கு எறங்கிருச்சு. சோளத்தட்டைக் கடிக்குது, தீவனத்தை மோந்துகூடப் பாக்கல, மூச்சுல ஒரு வாசம், நீ நகப்பாலிஷ் அழிப்பியே அந்த மருந்து வாசம்.

மாட்டு டாக்டர் வந்து மூத்திரத்தைப் பிடிச்சு ஒரு பொடியில சொட்டுனாரு, கத்திரிப்பூ கலராயிருச்சு. ரத்தத்துல சக்கரை 30 தான், 40க்குக் கீழ போகக் கூடாதாம். பால்ல போற அளவுக்கு உள்ள தீனி போகலன்னா ஒடம்பு தன் கொழுப்பையே கரைச்சு ரத்தத்துல விடுமாம், ஈரலு அதை முழுசா எரிக்க முடியாம கீட்டோன்னு ஒரு பொருளா மாத்தித் தள்ளுமாம், அந்த வாசமே அதாலதானாம், அது ஏற ஏற இன்னும் தீனி எறங்காதாம். வெல்லம் கரைச்சு ஊத்தட்டான்னு கேட்டேன், இரைப்பையிலயே புளிச்சுப் போயிரும், ரத்தத்துக்கு சக்கரையாப் போய்ச் சேராதுன்னாரு. குளுக்கோஸ் பாட்டிலை நரம்புல ஏத்துனாரு, வாயில ஊத்த ஒரு மருந்து குடுத்தாரு.

கீட்டோன்னு அவர் சொன்னப்ப உன் ஞாபகம் வந்துச்சு. அதை விடு. காலைல எதாச்சும் சாப்டுட்டுப் போ, ரெண்டு இட்லியாச்சும்.

அவார்டு வாங்குன போட்டோவ டீக்கடை, சொசைட்டி எல்லா எடத்துலயும் காட்டுனேன், என் புள்ளன்னு. அம்மா மட்டும் பெருசு பண்ணி கழுத்தெலும்பையே பாத்துட்டு இருந்தா. கேட்டா சாப்டேங்கற, பேச்சை மாத்திடற. எங்ககிட்டயுமா? காலைல சாப்டாம போகாத.

பால் வத்துன காலத்துல கொழுக்க விட்ட மாட்டுக்குத்தான் இது அதிகம் வருமாம். நல்லா இருக்கட்டும்னு நாந்தான் அள்ளி அள்ளி வெச்சேன், அப்புறம் ஒடம்பைப் பாத்து நானே கிண்டலும் பண்ணுனேன்.

உன்னையுந்தான். பெரியம்மா வீட்டுக் கல்யாணப் பந்தியில நீ ரெண்டாவது ஜாங்கிரிக்குக் கை நீட்டுனப்ப, மாப்ள வீட்டுக்காரங்க கேக்கற மாதிரி, போதும் சாமி மண்டபக் கதவு பத்தாதுன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். நீ பாதிச் சோத்தோட எலையை மடிச்சிட்டு எந்திரிச்ச. அன்னைக்கே உன் பின்னால வந்திருக்கணும், வரல, பாயாசம் குடிச்சிட்டு இருந்தேன்.

செவலை இன்னைக்கு 12 லிட்டர், தீவனம் பாதி தின்னுச்சு. ஞாயித்துக்கெழமை பஸ்ல ஏறலாம்னு இருக்கேன், அம்மா வரல, நான் மட்டும். வரட்டுமான்னு மட்டும் சொல்லு.

அப்பா